நடுவருடத்தில் வந்து சேரும் பிள்ளையின் கட்டுரை நோட்டு: தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தமிழாசிரியர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை யார் பெயருக்கு எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கு எழுதலாம், தலைமையாசிரியர்களுக்கு எழுதலாம். ஆனால் நான் கேட்கப்போகிற காரியம் அவர்கள் கையில் இல்லை. சிவப்பு மைப் பேனாவைப் பிடித்திருக்கிற நம் விரல்களில் இருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். வருடத்தின் நடுவில், வேறெங்கிருந்தோ வந்து நம் வகுப்பில் உட்காருகிற பிள்ளையின் கட்டுரை நோட்டில், முதல் ஒரு பருவத்துக்காவது சொற்களைத் திருத்தாமல் இருங்கள். எழுத்துப்பிழை வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். அந்தப் பிள்ளை தன்னோடு கொண்டுவந்த சொல்லைத் தொடாமல் விடுங்கள் என்கிறேன்.

இதை எனக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை. நானே ஒரு புது இடத்தில் போய் உட்கார வேண்டிவந்தபோது பட்டுத் தெரிந்துகொண்டது.

22 வருடம் ஒரே பள்ளியில் இருந்தேன். எந்த வகுப்பின் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது, எந்த மின்விசிறியை மூன்றில் வைத்தால் இப்போது விழவா அப்புறம் விழவா என்று ஆடும் என்பதெல்லாம் அத்துப்படி. பிறகு குடும்பக் காரணத்துக்காக மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊர் வந்தேன். அதுவும் வருடத்தின் நடுவில். ஆசிரியர் அறையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "அது அவங்க நாற்காலி டீச்சர்" என்றார் ஒருவர், சிரித்த முகத்தோடுதான். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தேன். அதற்கும் ஆள் இருந்தது. மூன்றாவது நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. இன்றுவரை அதுதான் என் நாற்காலி. பழைய விடைத்தாள் ஒன்றை எட்டாக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன்.

முதல் நாள் ஏழாம் வகுப்பு. வெளியே விளையாட்டுப் பாடவேளைக் கூச்சல். ஓரத்தில் இருந்த பையனிடம், "தம்பி, அந்த நடையைச் சாத்துப்பா" என்றேன். நான் வளர்ந்த வீட்டில் கதவுக்கு நடை என்றுதான் பேர். அவன் என்னையே பார்த்தான். "நடையைச் சாத்துப்பா" என்றேன் மறுபடியும். எழுந்தான். கரும்பலகைக்கு முன்னால் நாலு எட்டு வீறாப்பாக நடந்தான். சட்டென்று நின்றான்.

"சாத்திட்டேன் டீச்சர்."

வகுப்பு குலுங்கிவிட்டது. நானும் சிரித்தேன். பையன் செய்தது நல்ல நகைச்சுவை, அதை மறுப்பதற்கில்லை. சிரிப்பெல்லாம் அடங்கின பிறகுதான் என் காது இரண்டும் சூடாக இருப்பது தெரிந்தது. மீதிப் பாடவேளை முழுக்க ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் ஒருதரம் உருட்டிப் பார்த்து, பாடநூலில் இருக்கிற சொல்தானா என்று உறுதிப்படுத்திக்கொண்டு வெளியே விட்டேன். பாடம் நடத்தின மாதிரி இல்லை, செய்தி வாசித்த மாதிரி இருந்தது.

இத்தனைக்கும் எனக்குக் கையில் சாக்பீஸ் இருக்கிறது, மேசை இருக்கிறது, முறைத்துப் பார்த்தால் அடங்குகிற அதிகாரம் இருக்கிறது. அன்று ராத்திரி படுத்தபோது, இவை ஒன்றுமே இல்லாமல் ஒரு காலத்தில் என் வகுப்பில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

பத்துப் பதினொரு வருடம் இருக்கும். எட்டாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு வந்து சேர்ந்தவள். 'என்னால் மறக்க முடியாத நாள்' என்பது தலைப்பு. அவள் எழுதியிருந்த ஒரு வரி: "நாங்கள் உறங்குகிறோம் என்று நினைத்து அம்மா பைய எழுந்துபோய் வாசலில் நின்றாள்."

நான் 'பைய' என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். மேலே 'மெதுவாக' என்று எழுதினேன். ஓரத்தில் 'பேச்சு வழக்கைத் தவிர்க்க' என்று குறித்தேன். இந்த ஓரக்குறிப்பு எனக்குக் கைப்பழக்கம். ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்துக்கொண்டால் கை வலி மிச்சம் என்று மற்ற டீச்சர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பத்துக்கு ஆறு.

அந்த வரியை இன்னொருதரம் படித்துப் பாருங்கள். 'மெதுவாக எழுந்துபோய்' என்றால் வேகம் குறைவு, அவ்வளவுதான். 'பைய' என்றால் சத்தம் காட்டாமல், யாரையும் எழுப்பிவிடாமல், மனசுக்குள் எதையோ வைத்துக்கொண்டு எழுந்து போவது. அந்த அம்மா எதற்காக வாசலில் போய் நின்றாள் என்பது அடுத்த வரியில் இருந்திருக்கும். அது எனக்கு நினைவில் இல்லை. நான் போட்ட வட்டம் மட்டும் நினைவில் இருக்கிறது.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. அந்தச் சொல் எனக்குப் புதிதே இல்லை. என் ஆச்சி நாள் முழுக்கச் சொன்ன சொல். பையப் போ, பையப் பேசு, பைய வை உடைஞ்சிரும். வீட்டில் காதில் விழுந்தால் சொல்லாக இருந்தது, நோட்டில் கண்ணில் பட்டதும் பிழையாகிவிட்டது.

பல வருடம் கழித்து ஒருநாள் குறளின் மூன்றாம் பாலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதை நாம் பள்ளியில் நடத்துவதில்லை, அதனால் நடத்துகிற நமக்கே அந்தப் பக்கம் பாதி இருட்டு. குறிப்பறிதல் அதிகாரம், 1098-ஆம் குறள். அவன் கெஞ்சுகிற மாதிரி பார்க்கிறான். அவள் 'பசையினள் பைய நகும்'. நெஞ்சில் ஈரத்தோடு, வெளியே தெரியாமல் சிரிக்கிறாள். வள்ளுவர் அந்த வருடம் என் வகுப்பில் இருந்திருந்தால் அவருக்கும் ஆறு மதிப்பெண்தான் கிடைத்திருக்கும்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு 'பைய' எழுதவில்லை. எழுதினதெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்து வரிகள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றிலும் அவள் இல்லை. வருடக் கடைசியில் எட்டரை போட்டேன். 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாமெல்லாம் இலக்கணம் படித்தவர்கள், ஆகையால் கொஞ்சம் இலக்கணமும் பேசிவிடுகிறேன். செய்யுள் செய்வதற்கு உரிய சொற்கள் எவை என்று தொல்காப்பியர் சொல்லும்போது இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நாலைச் சொல்கிறார். திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களில் அவரவர் குறிப்பில் வழங்குகிற சொல். உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள்: ஒரு நாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள், இன்னொரு நாட்டார் நாயை 'ஞமலி' என்பார்கள். அதாவது பக்கத்து நிலத்துச் சொல்லுக்குச் செய்யுளிலேயே நாற்காலி போட்டு வைத்திருக்கிறார் தொல்காப்பியர், கால் குட்டையில்லாத நாற்காலியாகவே. பிறகு வந்த நன்னூல் தமிழ் வழங்காத 17 நிலங்களையும் இதில் சேர்த்துக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் அந்தப் பின்பாதி மட்டும் தங்கிவிட்டது. சாவி, சன்னல் என்று உதாரணம் எழுதிப் போடுகிறோம். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சாவிக்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறது, அந்தச் சாவியால் பூட்டுகிற என் நடைக்கு இல்லை.

தேர்வில் 'திசைச்சொல் என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்போம். சரியாக எழுதினால் இரண்டு மதிப்பெண். அதே பிள்ளை அதே தாளில் கட்டுரைக்குள் ஒரு திசைச்சொல்லை எழுதி வைத்தால் அரை மதிப்பெண்ணைக் குறைப்போம். 22 வருடம் இதைச் செய்தபோது எனக்கு ஒருநாள்கூடச் சிரிப்பு வரவில்லை.

"அப்படியென்றால் பிழையையே திருத்த வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. திருத்தத்தான் வேண்டும். ஒருவன் எழுதினான்: 'நான் தினமும் பல்லிக்கு நடந்தே போவேன்.' "பல்லி எங்கடா இருக்கு?" என்று கேட்டேன். யோசிக்காமல் சுவரைக் காட்டினான். காட்டின பிறகுதான் அவனுக்கே விளங்கி நாக்கைக் கடித்துக்கொண்டான். ல, ள, ழ குழம்பினால் பள்ளி பல்லியாகிறது. ர, ற குழம்பினால் சட்டையில் பட்ட கறை ஆற்றங்கரையாகிறது. 247 எழுத்தும் எல்லாருக்கும் பொது, அதில் என் இஷ்டம் உன் இஷ்டம் கிடையாது. ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் சொல்லித்தான் தர வேண்டும். தமிழை வேறு மொழியின் வாக்கிய அடுக்கில் எழுதினாலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், நான் தடுக்கவில்லை. பிள்ளை வீட்டில் வழங்குகிற சொல்லை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்குமே எழுத்து என்பது ஒரு படி ஏறுகிற வேலைதான். வாயில் 'வந்துச்சு', நோட்டில் 'வந்தது'. இந்த இரட்டை வழக்கைப் பற்றி 1959-இல் சார்லஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பேசினார்கள். இப்போது அதற்குக் கைகாட்டுகிற உதாரணங்களில் தமிழும் ஒன்று. நமக்கு அது கட்டுரை படித்துத் தெரிய வேண்டிய சங்கதி இல்லை. புதிதாக வந்த பிள்ளைக்கோ இது இரண்டு படி. இடைவேளையில் அதன் பேச்சைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், 'கதைச்சோம்' என்றால் 'கதை விட்டியா?' என்கிறார்கள். அடுத்த பாடவேளையில் அதன் எழுத்தைப் பார்த்து நாம் வட்டம் போடுகிறோம். வாயும் போச்சு, கையும் போச்சு. பிறகு 'அந்தப் பிள்ளை பேசவே மாட்டேங்குது, ரொம்ப அமைதி' என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டிச் சொல்கிறோம்.

இந்த வருடம் என் வகுப்புக்கும் ஒரு பையன் வந்தான். நான் வந்து மூன்று வாரம் கழித்து வந்தான், அதனால் எனக்கு அவன்மேல் ஒரு 'ஜூனியர்' பாசம். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் இடம் கொடுத்தேன். ஜன்னலோரம் கொடுத்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். 'எனக்குப் பிடித்த இடம்' என்று கட்டுரை. எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, இவன் தலைப்பை எழுதி, அடிக்கோடு போட்டு, அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் தாள் கிழிந்து அடுத்த பக்கம் தெரிந்தது.

"பழைய ஸ்கூல்ல எந்த இடம் பிடிக்கும் தம்பி?"

"தெரியல டீச்சர்."

"மைதானம்?"

"தெரியல."

நன்னூலில் பவணந்தியார் ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நாலு உவமை சொல்வார், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கழற்சிக்காய் போட்ட குடம், மடல் நிறைந்த பனை, பருத்தி அடைத்த குண்டிகை என்கிற வாய் குறுகின குடுவை, வளைந்த தென்னை. பருத்திக் குண்டிகை என்பது கஷ்டப்பட்டுக் கற்று உள்ளே திணித்து வைத்துக்கொண்டு, பிறருக்கு எளிதில் எடுத்துத் தர முடியாத ஆசிரியர். அவர் ஆசிரியருக்குச் சொன்னார். எனக்கு அன்று அந்தப் பையனைப் பார்க்கும்போது அது ஞாபகம் வந்தது. எழுத வராது என்று நாம் ஒதுக்குகிற பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் இந்த ஜாதிதான். உள்ளே நிறைய இருக்கிறது, வாய் குறுகல். கவிழ்த்தாலும் விழாது, தட்டினாலும் விழாது. இரண்டு விரலை விட்டு ஏதாவது ஒரு நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். 'எனக்குப் பிடித்த இடம்' என்பது நுனி இல்லை, மொத்தக் குண்டிகையையும் கவிழ்த்துப் பார்க்கிற வேலை.

சும்மா கேட்டேன். "உன் பழைய வகுப்புல ஜன்னல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பேசாமல் இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

"இங்க?"

வலப்பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அத எழுது. அது போதும்."

பாடவேளை முடியும்போது நாலு வரி இருந்தது. அவன் எழுதினபடியே தருகிறேன்: "அங்க வெளிச்சம் இடது பக்கம் இருந்து வரும். இங்க வலது பக்கம் வருது. எழுதும்போது என் கை நிழல் நான் எழுதுன எழுத்து மேலயே விழுது. நான் என்ன எழுதினேன்னு எனக்கே தெரியல."

வலக்கைக்காரனுக்கு வலப்பக்க வெளிச்சம் அப்படித்தான் செய்யும். வகுப்பறை கட்டுபவர்களுக்குத் தெரிந்த பழைய விஷயம் அது, வெளிச்சத்தை இடப்பக்கம் வைப்பார்கள். இந்த அறையில் எப்படியோ மாறிவிட்டது. மற்ற பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. எனக்கும் படவில்லை. வந்தவனுக்குத்தான் பட்டது.

அந்த நாலு வரியில் எழுத்துத் தமிழ் என்று பார்த்தால் ஏழெட்டு வட்டம் போடலாம். நான் ஒன்றும் போடவில்லை. இடத்தை மாற்றினேன். அறையின் இடப்பக்கம் கதவு இருக்கிறது, அதன் ஓரத்துப் பெஞ்சில் வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து வருகிறது. அன்று நாலு எட்டு நடந்து நடையைச் சாத்தின வீரன் உட்கார்ந்திருந்த இடம் அது. கேட்டதும் விட்டுக்கொடுத்துவிட்டு ஜன்னலோரத்துக்குப் போய்விட்டான், அங்கே வேடிக்கை பார்க்க வசதி. இப்போது என் பாடவேளையில் கதவைச் சாத்துவதே இல்லை. கூச்சல் உள்ளே வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

நன்னூலின் நாலாவது உவமையை விளக்காமல் விட்டேன். முடத்தெங்கு. ஒருவர் வீட்டில் நட்டுத் தண்ணீர் ஊற்ற, வளைந்துபோய் அடுத்த வீட்டில் காய் உதிர்க்கிற தென்னை. தனக்குப் பணிவிடை செய்து வழிபட்டு நிற்கிற மாணவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர் அப்படிப்பட்டவராம். அவர் காலத்தில் அது குற்றமாக இருந்திருக்கும். எனக்குப் பவணந்தியார்மேல் மரியாதை உண்டு, ஆனாலும் இந்த ஒரு இடத்தில் அவரோடு சண்டை. முதல் பெஞ்சு, என் பழக்கம் தெரிந்த பெஞ்சு, நான் கேட்கும் முன்பே கை தூக்குகிற பெஞ்சு. அவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நேற்று வந்தவன் ஒரு சொம்புகூட ஊற்றவில்லை. அவன் பக்கம் கொஞ்சம் வளைந்து காய்த்தால் என்ன? என்னைத் தகாதவர் பட்டியலில் போட்டாலும் பரவாயில்லை.

எழுதச் சொல்வதைப் பற்றி இன்னொன்று. புதிதாக வந்த பிள்ளையிடம் 'பழைய பள்ளியைப் பிரிந்த நாள்' என்று உருக்கமான தலைப்பாகப் பார்த்துக் கொடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. எழுதினால் பாரம் இறங்கும் என்ற நல்லெண்ணம்தான். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளைக்கு 15 நிமிடம், மனதை உலுக்கின சம்பவங்களை எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். நடந்ததையும் மனசில் பட்டதையும் சேர்த்து எழுதினவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. இதை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பைவிடக் கனத்துப்போயிருந்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அவர்கள் பெரியவர்கள், எழுதினதை யாரும் திருத்தவில்லை, மதிப்பெண் போடவில்லை, எழுந்து நின்று வாசிக்கச் சொல்லவில்லை. நாம் மூன்றையும் செய்துவிட்டு, அடுத்த மணிக்குக் கணக்குப் பாடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். ஆகவே அந்த மாதிரித் தலைப்பு வேண்டாம். ஜன்னல் எந்தப் பக்கம், மணி எப்படி அடிக்கும், தண்ணீர்க் குழாய் எத்தனை எட்டு தூரம், இப்படிச் சின்னதாகக் கேளுங்கள். பிரிந்தது தானாக வந்தால் வரட்டும்.

அப்படியே, முதல் நாளே முன்னால் நிற்கவைத்து 'உன்னைப் பற்றிச் சொல்லு' என்று கேட்பதையும் நிறுத்திக்கொள்ளலாம். நாற்பது பேர் பார்க்கத் தன்னைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்கே தெரியாது. பெயர், பழைய பள்ளி, அப்பா என்ன செய்கிறார். இந்த மூன்றும் வருகைப் பதிவேட்டிலும் டி.சி.யிலும் இருக்கின்றன.

நான் இப்போது வேறொன்று செய்துபார்க்கிறேன், சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் எல்லாரும் எழுதுகிறோம். நானும் எழுதுகிறேன். நிறுத்தக் கூடாது, அழிக்கக் கூடாது, மதிப்பெண் கிடையாது. கட்டுரை எழுதச் சொல்லிச் சொல்லியே 22 வருடம் ஓட்டிவிட்ட ஆள், தானாக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தபோது பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டியே மூன்று நிமிடம் போயிற்று. 'எனக்குப் பிடித்த இடம்' என்று எத்தனை வகுப்புக்குக் கொடுத்திருப்பேன்! எனக்கு அதற்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் குட்டைக் கால் நாற்காலியைப் பற்றி எழுதினேன்.

"டீச்சர், நீங்களும் படிங்க" என்றார்கள். படித்தேன். அவர்களுக்குப் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்த ஒரு பெண், "டீச்சர், 'வந்துப் பார்த்தேன்'னு எழுதியிருக்கீங்க. ஒற்று மிகாதுல்ல?" என்றாள். மிகாதுதான். மென்தொடர்க் குற்றியலுகரத்தில் முடிகிற வினையெச்சம், முந்தின வாரம் நானே நடத்தினது. சிவப்புப் பேனாவை அவள் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னேன். அவள் அந்த 'ப்'பை அடித்துவிட்டு, என் பக்கத்து ஓரத்தில் மிக அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'கவனம் தேவை'. என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

பின்சுவரில் ஒரு சார்ட் தாள் ஒட்டியிருக்கிறேன். தலைப்பு 'திசைச்சொல்'. யார் வீட்டில் வழங்குகிற சொல்லானாலும் எழுதலாம், பக்கத்தில் பொருள் எழுத வேண்டும், அது இல்லாத வேறொரு சொல்லை வைத்து அதைச் சொல்ல முடியுமா என்று வகுப்பு வாதாட வேண்டும். நடை முதல் சொல், நானே எழுதினேன். பைய இரண்டாவது. 'வெள்ளன' என்று ஒருவன் எழுதினான், விடிவதற்குள் என்று பொருள் போட்டான், 'காலையிலேயே'தானே என்று ஒரு கட்சி, 'இல்லை, சாயங்காலமும் வெள்ளன வரலாம், சீக்கிரம்னு அர்த்தம்' என்று இன்னொரு கட்சி. மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. சொற்பொருள் நடத்துகிற பாடவேளையில் இப்படி ஒரு சண்டையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பொதுத் தேர்வில் வெளியாள் திருத்துவாரே, அவர் வட்டம் போடுவாரே என்று கேட்பீர்கள். நியாயமான பயம். அதற்காகத்தான் ஒரு பருவம் என்றேன், பள்ளி வாழ்க்கை முழுக்க என்று சொல்லவில்லை. முதலில் எழுதட்டும். எழுதிக் குவித்த பிறகு, 'பைய' எங்கே வைக்கலாம், 'மெதுவாக' எங்கே வைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். இரண்டும் கையில் இருக்கிற பிள்ளைக்குத் தேர்வுத் தாளில் எதை எடுப்பது என்று தெரிந்துவிடும். ஒன்றை நாம் முதலிலேயே பிடுங்கிவிட்டால் அதற்குத் தேர்வு செய்ய என்ன இருக்கிறது?

அந்தப் பழைய மாணவிக்கு இப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அவளிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் உண்டு, அந்த அடுத்த வரி என்ன என்று.

மேசைமேல் 43 நோட்டு இருக்கிறது, இதை முடித்துவிட்டு அங்கே போக வேண்டும். மேலாக இருப்பது கதவோரத்துப் பையனின் நோட்டு. இந்த வாரம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். முதல் பக்கம் அணிலைப் பற்றி. இரண்டாம் பக்கம் புகார். இடம் மாற்றினதில் வெளிச்சம் சரியாகிவிட்டதாம், ஆனால் நடுவில் இருக்கிற தூண் மறைத்துக் கரும்பலகையில் பாதி தெரிவதில்லையாம். ஒரு மாதமாகத் தெரிவதில்லையாம். நாளைக்குப் போய் பெஞ்சை இரண்டடி முன்னால் இழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை